பிரிட்டனில் நிதானமாக, சிக்கனமாக ஒரு முதல் பயணம்: ரயில் பாஸா, தனி டிக்கெட்டா, பஸ்ஸா, காரா?

முதல்முறை பிரிட்டன் போகிறவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, பாத், கார்டிஃப், ஏரி மாவட்டம், இன்வர்னெஸ், எடின்பரோ, யார்க், மறுபடி லண்டன். மூன்று வாரத்தில் எட்டு ஊர். வரைபடத்தில் சின்ன நாடாகத் தெரிவதால் எளிதாக முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிக்கவும் முடியும். ஆனால் கையில் இருக்கும் பணத்தை வேகமாகக் கரைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ரயில் டிக்கெட் விலையை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. ஊர் மாறும் நாளில் காலை பத்து, பதினோரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறை கிடைப்பது பிற்பகல் மூன்று மணிக்கு. இடையில் பெட்டியை வைக்க இடம் தேட வேண்டும், மதியச் சாப்பாடும் பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாடும் வெளியில்தான். முந்தின ஊரில் வாங்கிய அரிசி, பால், முட்டையில் பாதி அங்கேயே தங்கிவிடும். ஒரு ராத்திரிக்கு மட்டும் எடுக்கும் அறைக்கு, நான்கு ராத்திரி எடுக்கும் அறையைவிட ராத்திரிக் கணக்கில் அதிகம் கொடுப்பதும் சகஜம். ஆகவே எதில் போவது என்ற கேள்விக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எத்தனை படுக்கை மாற்றுவது என்பது. மூன்று வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு போதும். இந்த எண்ணிக்கையை முதலில் குறைத்துவிட்டால் மற்ற ஒப்பீடுகள் எல்லாம் வேறு விடை தரும்.

பாதை: வட்டமா, ஒருவழியா, ஒரே வட்டாரமா

பெரிய வட்டம் போடுவதில் உள்ள ஒரே வசதி, போன விமான நிலையத்திலிருந்தே திரும்பலாம் என்பது. சிரமம் ரயில் பாதைகளின் அமைப்பில் இருக்கிறது. வேகமான பாதைகள் பெரும்பாலும் லண்டனிலிருந்து வடக்கே, மேற்கே என்று பிரிந்து போகின்றன. பாத்திலிருந்து வட வேல்ஸ், அங்கிருந்து ஏரி மாவட்டம் என்று போவதற்கு இரண்டு மூன்று இடத்தில் வண்டி மாற வேண்டும். தூரம் குறைவாக இருந்தாலும் ஒரு பகல் போய்விடும்.

முதல் பயணத்துக்கு ஒருவழிப் பாதைதான் சரி. அதிலும் கிழக்குக் கரைப் பாதை: லண்டன், யார்க், நியூகாசில், எடின்பரோ, பிறகு ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான மேற்கு ஹைலேண்ட்ஸில் ஒரு ஊர், கடைசியில் கிளாஸ்கோ. லண்டனிலிருந்து யார்க் சுமார் இரண்டு மணி நேரம், யார்க்கிலிருந்து நியூகாசில் ஒரு மணி நேரம், அங்கிருந்து எடின்பரோ ஒன்றரை மணி நேரம். எல்லாம் ஒரே தடம், வண்டி மாறும் வேலை இல்லை. ஒவ்வொன்றிலும் நான்கு ராத்திரி, கிளாஸ்கோவில் ஒன்று என்றால் 21 ராத்திரி கணக்காக வந்துவிடும்.

இதற்கு விமான டிக்கெட்டை லண்டனில் இறங்கி, எடின்பரோ அல்லது கிளாஸ்கோவிலிருந்து திரும்புவதாகப் போட வேண்டும். தேடும்போது 'பல நகரம்' என்ற தெரிவைப் பயன்படுத்துங்கள். இரண்டு தனித்தனி ஒருவழி டிக்கெட்டாகத் தேடினால் விலை எகிறும். வளைகுடா வழியாகப் பறக்கும் நிறுவனங்கள் ஸ்காட்லாந்துக்கும் சேவை நடத்துவதால் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போகிறவர்களுக்கு இது நடைமுறையில் கைகூடும். லண்டன் போய்வரும் டிக்கெட்டைவிடச் சற்று அதிகமாக வந்தாலும் உடனே ஒதுக்க வேண்டாம். எடின்பரோவிலிருந்து லண்டன் திரும்பும் ரயில் கட்டணம், லண்டனில் மேலும் ஒரு ராத்திரி அறை வாடகை இரண்டையும் எதிர்ப்பக்கம் போட்டுப் பாருங்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் லண்டனோடு ஒரே ஒரு வட்டாரம். யார்க்ஷயரோ நார்தம்பர்லாந்தோ ஏதாவது ஒன்று. ஸ்காட்லாந்தை அடுத்த முறைக்கு விட்டுவிடலாம்.

ரயில்: பாஸா, தனி டிக்கெட்டா

பிரிட்ரெய்ல் பாஸ் என்பது, ஒருமுறை வாங்கினால் குறித்த நாட்களில் தனி டிக்கெட் இல்லாமல் ரயிலில் போக உதவும் சீட்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் விற்கப்படுவது. தொடர்ச்சியான நாட்களுக்கான வகை ஒன்று. ஒரு மாதத்துக்குள் நாம் விரும்பும் சில நாட்களைத் தேர்ந்துகொள்ளும் ஃப்ளெக்ஸி வகை இன்னொன்று. பிள்ளை அங்கே படிக்கிறான், கூட வருவான் என்றால் அவன் அங்கே வசிப்பவனாகிவிடுகிறான். அவனுக்கு இந்தப் பாஸ் கிடையாது. லண்டன் பாதாள ரயிலிலும் இது செல்லாது.

பாஸ் லாபமா என்று பார்க்க ஒரு வகுத்தல் போதும். பாஸ் விலையை ரயில் ஏறப்போகும் நாட்களால் வகுங்கள். வரும் தொகைக்கு மேலே உங்கள் ஒவ்வொரு நாளின் டிக்கெட்டும் போகிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன 21 ராத்திரித் திட்டத்தில் நீண்ட ரயில் பயணம் ஐந்தே நாள். அதிலும் யார்க்–நியூகாசில் போன்றவை குறுகிய தூரம், முன்கூட்டி எடுத்தால் சல்லிசாகக் கிடைப்பவை. அங்கே பாஸ் தோற்றுவிடும். பத்து நாளில் ஏழு எட்டு ஊர், எந்த வண்டியில் ஏறுவோம் என்று முதல் நாள்வரை தெரியாது என்கிற ஓட்டமான பயணிக்குத்தான் பாஸ் லாபம். நிதானமாகப் போகிறவர் அதை வாங்கினால், போட்ட காசை எடுக்க வேண்டுமே என்று தேவையில்லாத ஊருக்கெல்லாம் போக ஆரம்பிப்பார்.

தனி டிக்கெட்டில் மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

அட்வான்ஸ்: குறிப்பிட்ட தேதி, குறிப்பிட்ட வண்டி. பொதுவாகப் பயணத்துக்கு 12 வாரம் முன்பு விற்பனைக்கு வரும். மலிவான படி முதலில் தீரும், பிறகு விலை படிப்படியாக ஏறும். வண்டியைத் தவறவிட்டால் டிக்கெட் போயிற்று. நடுவில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு அடுத்த வண்டி பிடிக்கவும் முடியாது. பணம் திரும்பாது. ஆனால் வண்டி கிளம்பும் முன் வேறு நேரத்துக்கு மாற்றலாம், அதற்குக் கட்டணமும் விலை வித்தியாசமும் உண்டு.

ஆஃப்-பீக்: நெரிசல் நேரம் தவிர்த்த டிக்கெட். வார நாட்களில் பல இடங்களில் காலை 9:30-க்குப் பிறகு, சனி ஞாயிறு முழு நாளும். அந்த நேரத்துக்குள் எந்த வண்டியிலும் ஏறலாம், பெரும்பாலும் வழியில் இறங்கியும் போகலாம். ஆனால் லண்டனிலிருந்து நியூகாசில், எடின்பரோ போன்ற ஊர்களுக்கு, கிழக்குக் கரைப் பாதையில் வண்டி ஓட்டும் எல்.என்.இ.ஆர். நிறுவனம் 2024-ல் இந்த வகையை எடுத்துவிட்டு, '70 நிமிட ஃப்ளெக்ஸ்' என்ற வகையைக் கொண்டுவந்தது. குறித்த வண்டிக்கு 70 நிமிடம் முன்னே பின்னே உள்ள அதே நிறுவன வண்டிகளில் ஏறலாம். பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

எனிடைம்: எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். நீண்ட தூரத்துக்கு இதை வாங்கும் நிலைமைக்கு வரவே கூடாது. நிலையத்துக்குப் போய் அப்போதே வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு, காலை நேரத்தில் கிடைப்பது இதுதான். அட்வான்ஸ் விலையைப் போல மூன்று நான்கு மடங்கு வருவது சாதாரணம்.

ஸ்காட்லாந்துக்குள் நிலைமை எளிது. ஸ்காட்ரெய்ல் 2025 செப்டம்பர் 1 முதல் நெரிசல் நேரக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. காலை எத்தனை மணிக்கு ஏறினாலும் ஒரே விலை.

அடுத்தது ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை. இதை வெளிநாட்டவரும் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் சேர்த்து. 2025 மார்ச் முதல் பெரும்பாலான கார்டுகளின் விலை 35 பவுண்டு. ஆக, மொத்த ரயில் கட்டணம் 105 பவுண்டைத் தாண்டினால் கார்டு தன் விலையை மீட்டுவிடும். இருவர் சேர்ந்து போனால் 'டூ டுகெதர்' கார்டு, இருவருக்கும் சேர்த்து ஒன்றே. உதாரணமாக ஒருவருக்கு ஐந்து பயணத்துக்கும் சேர்த்து 150 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு 300, அதில் 100 குறையும், கார்டு விலை போக 65 மிச்சம். நிபந்தனை இரண்டு: கார்டில் பெயரும் படமும் உள்ள இருவரும் சேர்ந்தே பயணிக்க வேண்டும். வார நாட்களில் காலை 9:30-க்கு முன் செல்லாது.

அப்பா அம்மாவுக்கு 60 வயது தாண்டியிருந்தால் சீனியர் கார்டும் உண்டு. ஆளுக்கு ஒன்று என்பதால் இருவருக்கு 70 ஆகும். ஆனால் காலை நேரக் கட்டுப்பாடு லண்டனும் தென்கிழக்கும் சேர்ந்த பகுதிக்குள் மட்டுமே. வடக்கே சீக்கிரம் கிளம்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். குழந்தைகள் இருந்தால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் கார்டுதான்: நான்கு பெரியவர், ஐந்து முதல் 15 வயது வரை நான்கு பிள்ளைகள், பிள்ளைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. குறைந்தது ஒரு பிள்ளையாவது கூட வர வேண்டும். கார்டே இல்லாமல் மூன்று முதல் ஒன்பது பெரியவர்கள் சேர்ந்து போனால் பல நிறுவனங்களின் ஆஃப்-பீக் டிக்கெட்டில் குரூப்சேவ் என்று அதே மூன்றில் ஒரு பங்கு குறையும். மூன்று பேர் போகிறீர்கள் என்றால் இதை முதலில் பாருங்கள்.

வாங்கும் இடத்திலும் மிச்சம் பிடிக்கலாம். எந்த ரயில் நிறுவனத்தின் இணையதளமும் நாடு முழுதுமுள்ள டிக்கெட்டை அதே விலைக்கு, சேவைக் கட்டணம் இல்லாமல் விற்கிறது. விளம்பரம் செய்யும் சில செயலிகள் அதன்மேல் கட்டணம் போடுகின்றன. ஒரே பயணத்தை இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து வாங்கினால் சில சமயம் விலை குறையும். இது விதிப்படி சரியானதே, இறங்கி ஏறவும் வேண்டாம். பிரிக்கும் நிலையத்தில் அந்த வண்டி நின்று போக வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

எங்கே தவறுகிறது என்றால், பெரும்பாலும் இறங்கும் நாளில். ஹீத்ரோவில் காலை ஏழு மணிக்கு விமானம், பதினொன்றரைக்கு யார்க் வண்டிக்கு அட்வான்ஸ் டிக்கெட் என்று போடுவார்கள். விமானம் தாமதித்தாலோ, குடிநுழைவு வரிசை நீண்டாலோ ரயில் நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, புது டிக்கெட் வாங்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் உள்ள முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது ரயில் போய்விட்டால் கதை வேறு. அடுத்த வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். தாமதத்துக்கு 'டிலே ரீபே' என்று பணமும் திரும்பக் கேட்கலாம். சில நிறுவனங்களில் 15 நிமிடத்திலிருந்து, சிலவற்றில் 30 நிமிடத்திலிருந்து. விண்ணப்பிக்க 28 நாள் அவகாசம் உண்டு. டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை. தடப் பராமரிப்பு வேலைகளைப் பெரும்பாலும் அன்றுதான் வைக்கிறார்கள். ரயிலுக்குப் பதில் பஸ்ஸில் ஏற்றுவார்கள், இரண்டு மணி நேரம் மூன்றரையாகும். கிராமப்புறப் பஸ்களும் அன்று மிகக் குறைவு. ஊர் மாறுவதைச் செவ்வாய், புதனில் வைத்தால் டிக்கெட்டும் மலிவு, இருக்கையும் கிடைக்கும்.

தொலைதூரப் பஸ்

நேஷனல் எக்ஸ்பிரஸ், ஃபிளிக்ஸ்பஸ் இரண்டும் பெரிய நகரங்களை இணைக்கின்றன. ஸ்காட்லாந்தில் சிட்டிலிங்க். விலை ரயிலைவிடப் பெரும்பாலும் குறைவு, கடைசி நேரத்திலும் பயங்கரமாக ஏறுவதில்லை. லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு, பிரிஸ்டல் போன்ற மூன்று மணி நேரத்துக்குள் முடியும் ஊர்களுக்குப் பஸ்ஸே நல்ல தெரிவு.

லண்டன்–எடின்பரோ பஸ் ஒன்பது பத்து மணி நேரம். ரயில் நாலரைக்குள். ராத்திரி பஸ்ஸில் போனால் ஓர் அறை வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. உட்கார்ந்தபடி தூங்கி, காலை ஆறு மணிக்கு இறங்கி, பிற்பகல் மூன்று வரை அறை இல்லாமல் குளிரில் சுற்றும் நாளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கலிடோனியன் ஸ்லீப்பர் ராத்திரி ரயிலின் இருக்கைப் பெட்டிக்கும் இதே நிலைதான். நிதானமான பயணத்துக்கு இரண்டும் வேண்டாம். அதற்குப் பதில் லண்டன்–எடின்பரோ நேர்ப் பயணத்துக்கு லூமோ ரயிலைப் பாருங்கள். ஒரே வகுப்பு, விலை குறைவு. ஆனால் யார்க்கில் நிற்காது, நியூகாசிலில் நிற்கும்.

தொலைதூரப் பஸ்ஸைத் தவிர்க்க முடியாத இடம் ஸ்கை தீவு. அங்கே ரயில் கிடையாது. கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வழியாகவும், இன்வர்னெஸ்ஸிலிருந்தும் அந்தத் தீவின் போர்ட்ரீ ஊருக்கு சிட்டிலிங்க் பஸ் போகிறது.

உள்ளூர்ப் பஸ்: சிக்கனத்தின் பெரும்பகுதி இங்கே

லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் பங்கேற்கும் எல்லா உள்ளூர்ப் பஸ்களிலும் ஒருவழிக் கட்டணம் அதிகபட்சம் 3 பவுண்டு. 2025 ஜனவரியில் வந்த இந்த வரம்பு 2027 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தூரம் கணக்கில்லை என்பதுதான் இதன் அருமை. யார்க்கிலிருந்து கோஸ்ட்லைனர் 840 பஸ் நார்த் யார்க் மூர்ஸ் பீடபூமியைக் கடந்து விட்பி கடற்கரைக்குப் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலான அந்தப் பயணத்தில் மேல்தளத்து முன் இருக்கை கிடைத்தால், தனியாகச் சுற்றுலா வண்டி எடுப்பதற்கு அவசியமே இல்லை. வரம்பு ஒருவழிக்கு என்பதால் பஸ் மாறினால் மறுபடி 3 பவுண்டு. ஒரே நாளில் மூன்று நான்கு முறை ஏறி இறங்கும் திட்டம் என்றால் ஓட்டுநரிடம் நாள் டிக்கெட் விலையைக் கேளுங்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இந்த வரம்பு இல்லை.

நியூகாசிலை ஒரு தங்குமிடமாகச் சேர்க்கச் சொல்வதும் இந்தப் பஸ்களால்தான். முதல் பயணத் திட்டங்களில் இந்த ஊர் இருப்பதே இல்லை, அது பெரிய இழப்பு. அறை வாடகை யார்க், எடின்பரோவைவிடப் பெரும்பாலும் குறைவு. டர்ஹம் ரயிலில் கால் மணி நேரம், அந்தப் பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஹெக்ஸம் வரை ரயிலில் போனால் அங்கிருந்து ஏ.டி.122 பஸ் பருவ காலத்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டியே ஓடுகிறது. அந்தப் பஸ்ஸின் எண்ணே சுவர் தொடங்கப்பட்ட கி.பி. 122-ஐக் குறிப்பதுதான். வடக்கே எக்ஸ்18 பஸ் ஆனிக், பாம்பரோ என்று கடற்கரைக் கோட்டைகளைத் தொட்டுக்கொண்டு பெரிக் வரை போகிறது. கிராஸ்டர் கிராமத்தில் இறங்கி, இடப்பக்கம் புல்வெளி, வலப்பக்கம் கடல் என்று அரை மணி நேரம் நடந்தால் டன்ஸ்டன்பரோ கோட்டை இடிபாடு.

லிண்டிஸ்ஃபார்ன் புனிதத் தீவுக்கு மட்டும் முன்யோசனை வேண்டும். தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடலில் மூழ்கும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரத்தை நார்தம்பர்லாந்து கவுன்சில் நாள்வாரியாக வெளியிடுகிறது. பெரிக்கிலிருந்து போகும் பஸ்ஸின் நேரமும் அதன்படி மாறும். அட்டவணையைப் பார்த்துவிட்டு எந்த நாள் போவது என்று முடிவு செய்ய வேண்டும், நாளை முடிவு செய்துவிட்டு அட்டவணையைப் பார்த்தால் போக முடியாது.

லண்டன் பஸ்களில் காசு வாங்குவதில்லை. தொட்டுப் போகும் வங்கி அட்டையே போதும். 2025-ல் ஒரு பயணம் 1.75 பவுண்டாக இருந்தது, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே கட்டணம்தான். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். காலை கைப்பேசியிலும் மாலை அட்டையிலும் மாற்றி மாற்றித் தொட்டால், ஒரு நாளில் குறித்த தொகைக்கு மேல் எடுக்காத நாள் உச்சவரம்பு வேலை செய்யாது, இரண்டையும் தனித்தனி ஆளாகக் கணக்கிடும். ஹீத்ரோவிலிருந்து நகருக்குள் வர பிக்காடில்லி பாதாள ரயில்தான் மலிவு. எலிசபெத் பாதை வேகம், விலை இரண்டு மடங்குக்கு மேல்.

வாடகைக் கார்

நம் ஊரைப் போலவே இடதுபக்க ஓட்டம், இந்திய, இலங்கை உரிமத்தில் 12 மாதம் வரை ஓட்டலாம், கையால் கியர் மாற்றும் கார் பழக்கம் இருந்தால் வாடகையும் குறையும். இத்தனை வசதி இருந்தும் முழுப் பயணத்துக்கும் கார் எடுப்பது தவறு. லண்டன் மையத்துக்குள் காரோடு நுழைந்தால் நெரிசல் கட்டணம், யார்க், எடின்பரோ போன்ற பழைய ஊர்களில் நிறுத்த இடமும் இல்லை, இருந்தாலும் விலை அதிகம். நான்கு நாள் ஓர் ஊரில் நடந்தே சுற்றும்போது கார் சும்மா நின்று வாடகை தின்னும்.

காருக்கு உரிய இடம் ஹைலேண்ட்ஸ். அங்கேயும் மூன்று நாள் போதும். ஒருவர் என்றால் வேண்டாம். இருவர் என்றால் பஸ், ரயில் செலவுக்குச் சற்று மேலே வரும், நேரம் மிச்சமாகும். மூன்று நான்கு பேர் என்றால் காரே மலிவு. எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள், வேறு ஊரில் விட்டால் ஒருவழிக் கட்டணம் சேரும்.

பேரம் கெடுவது கவுன்டரில். முதன்மை ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டையும் முன்பணம் ஏற்றும் அந்நியச் செலாவணி அட்டையையும் பல இடங்களில் ஏற்பதில்லை. காருக்குச் சேதம் வந்தால் நாம் கொடுக்க வேண்டிய 'எக்ஸஸ்' தொகை ஆயிரம் பவுண்டுக்கு மேல் இருப்பது வழக்கம். அதற்குச் சமமான தொகையை அட்டையில் முடக்கிவைப்பார்கள், அட்டை வரம்பு போதாவிட்டால் கார் கிடைக்காது. அதை நீக்க கவுன்டரில் விற்கும் காப்பீடு நாள் வாடகையையே இரட்டிப்பாக்கும். எக்ஸஸ் தொகைக்கான தனிக் காப்பீட்டை இணையத்தில் முன்பே வாங்கினால் அதில் சிறு பங்குதான். 25 வயதுக்குக் கீழே இருந்தால் இளம் ஓட்டுநர் கட்டணமும் உண்டு. எடுக்கும்போது நான்கு சக்கரம், கண்ணாடி, கதவு ஓரம் எல்லாவற்றையும் காணொளியாக எடுத்து வையுங்கள்.

ஹைலேண்ட்ஸ் சாலைகளில் பல ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே உங்கள் பக்கத்திலேயே நின்று எதிர்வண்டியை அதில் நுழைய விடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்த இடங்களில் காரை நிறுத்திப் படம் எடுப்பது கூடாது. இத்தகைய சாலையில் மணிக்கு 25, 30 மைல்தான் கணக்கு. வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கார் வேண்டாம் என்றாலும் மேற்கு ஹைலேண்ட்ஸ் கைநழுவாது. கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம், மலேக் வரை போகும் ரயில் பாதையே ஒரு காட்சி. கிளென்ஃபினன் பாலத்தின் 21 வளைவுகள் மேல் போவதற்கு எல்லோரும் நீராவி ரயிலுக்குப் பெரும்பணம் கொடுக்கிறார்கள். அதே பாலத்தின்மேல் சாதாரண ஸ்காட்ரெய்ல் வண்டியும்தான் போகிறது. மலேக்கிலிருந்து படகில் கார் இல்லாமல் நடந்து ஏறும் பயணியாகப் போனால் முக்கால் மணிக்குள் ஸ்கை தீவின் தென்முனை ஆர்மடேல். ரயில்கள் நாளுக்குச் சில மட்டுமே என்பதால் திரும்பும் வண்டியை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.

படுக்கை

ஹாஸ்டல் என்றால் இளைஞர்களுக்கு என்று நினைக்க வேண்டாம். வை.எச்.ஏ. (இங்கிலாந்து, வேல்ஸ்), ஹாஸ்டலிங் ஸ்காட்லாந்து இரண்டிலும் தனி அறைகள் உண்டு, அறுபது வயதுக்காரர்களும் குடும்பங்களும் நிறையத் தங்குகிறார்கள். முக்கியமான காரணம் சமையலறை. அடுப்பு, பாத்திரம், குளிர்பெட்டி எல்லாம் இருக்கும். உணவுப் பையில் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். சைவர்களுக்கு, அதிலும் முட்டையும் சேர்க்காதவர்களுக்கு, சிறிய ஊர்களில் இது பெரிய ஆறுதல். கூட்டமான அறை ஆகாது, லிஃப்ட் இல்லாத மாடி ஏற முடியாது என்றால் பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள்.

பிரீமியர் இன், டிராவலாட்ஜ் போன்ற சங்கிலி ஓட்டல்கள் சுத்தம், எதிர்பாராத தொல்லை இல்லை, முன்கூட்டிப் போட்டால் விலையும் ஹாஸ்டல் தனி அறைக்குப் பக்கத்தில் வரும். அறையில் கெட்டில் உண்டு, சமையல் இல்லை. பிரீமியர் இன்னில் ஒரு பெரியவர் முழுக் காலை உணவு வாங்கினால் 16 வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகளுக்கு அது இலவசம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த ஒன்றே தராசைச் சாய்த்துவிடும். சாலையோரக் கிளையை நகர மையம் என்று நினைத்துப் பதிவு செய்வது அடிக்கடி நடக்கும் பிழை. ரயில் நிலையத்திலிருந்து நடைதூரத்தை அளந்து பாருங்கள்.

கோடை விடுமுறையில் பல பல்கலைக்கழகங்கள் மாணவர் அறைகளை வாடகைக்கு விடுகின்றன, லண்டனில் தனியாகப் போகிறவருக்கு இதைவிட மலிவான தனியறை கிடைப்பது கடினம். வீட்டு விருந்தினர் அறைகளான பி அண்ட் பி-யில் காலை உணவு தாராளம், உரையாடலும் கிடைக்கும். தனி ஆளுக்கு விலை கட்டுப்படியாகாது. வாரக் கணக்கில் விடும் குடில்கள் நான்கு பேருக்கு மேல் இருந்தால் நல்ல பேரம், ஆனால் கோடையில் பெரும்பாலும் வெள்ளி அல்லது சனிக்குச் சனி என்று முழு வாரமாகத்தான் தருவார்கள், கார் இல்லாமல் சரிப்படாது.

சாப்பாட்டுச் செலவுக்கு சூப்பர் மார்க்கெட்டே துணை. மாலையில் மஞ்சள் ஒட்டி போட்டு விலை குறைத்த ரொட்டி, பழம், காய் கிடைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம் என்பது சட்டம், மாலை நாலு, ஐந்துக்கே மூடிவிடும். ஊரிலிருந்து சாம்பார் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது, பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் கடைகளில் நமக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும், வடக்கே கிளம்பும் முன் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

எப்போது

மே, ஜூன், செப்டம்பர். ஜூன் கடைசியில் லண்டனில் இரவு ஒன்பதேகால் வரை வெளிச்சம், ஹைலேண்ட்ஸில் பத்து மணிக்கு மேலும் இருக்கும். டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜூலைக் கடைசி முதல் ஆகஸ்ட் முழுதும் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு விடுமுறை, கடற்கரை ஊர்களில் விலை ஏறும். ஆகஸ்ட்டில் எடின்பரோவில் கலைவிழாக்கள். அந்த மாதம்தான் முடியும் என்றால் கிளாஸ்கோவில் தங்கி, ஐம்பது நிமிட ரயிலில் போய்வாருங்கள். எடின்பரோ அறைகளுக்கு 2026 ஜூலை 24-லிருந்து, தங்கும் முதல் ஐந்து ராத்திரிக்கு மட்டும் 5 சதவீத வரியும் சேர்கிறது. மேற்கு ஹைலேண்ட்ஸில் கோடையில் மிட்ஜ் என்ற பொடிக் கொசுக்கள் காற்றில்லாத மாலையில் மொய்க்கும். மே மாதத்தில் தொல்லை குறைவு.

எதை எப்போது பதிவு செய்வது

பயணத்துக்கு மூன்று மாதம் முன்புதான் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு மாத வருகையாளர் விசாவுக்கு 2025 ஏப்ரலில் வைத்த கட்டணம் 127 பவுண்டு, முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வரும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம், 2025 ஜனவரி முதல் இ.டி.ஏ. என்ற மின்னனுமதி போதும். கட்டணங்கள் ஏறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் டிக்கெட்டும் ஏறக்குறைய அதே 12 வாரத்தில் திறப்பதால் அவசரப்பட்டு வாங்கத் தோன்றும். விசா கைக்கு வரும் முன் திரும்பப் பெற முடியாத எதையும் வாங்காதீர்கள். முதலில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பிடித்துவைத்து விசாவுக்குக் கொடுங்கள். விசா வந்த அன்றே, எட்டு ஒன்பது வாரம் இருக்கும்போது, ரயில்கார்டும் அட்வான்ஸ் டிக்கெட்டும். நீளமான லண்டன்–யார்க்கை முதலில் வாங்குங்கள், குறுகியவை காத்திருக்கலாம். சனி ஞாயிறு வண்டிகள் இன்னும் விற்பனைக்கு வரவில்லை என்றால் தட வேலை அட்டவணை முடிவாகவில்லை என்று பொருள், வார நாளுக்கு மாற்றிவிடுங்கள். கார் வேண்டுமென்றால் அப்போதே ரத்து வசதியோடு பதிவு செய்து, நாலு வாரம் முன்பு விலை இறங்கியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். உள்ளூர்ப் பஸ்ஸுக்கு முன்பதிவு எதுவும் வேண்டாம். போவதற்கு முந்தின வாரம் கோடைகால அட்டவணை மாறியிருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.